யமஹா எஃப்ஜி-180 சிவப்பு லேபிள்: மதுரை வெயிலைத் தாங்கிய ப்ளைவுட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ப்ளைவுட் கிட்டார். மேல் பலகை, பக்கம், முதுகு மூன்றுமே ஒட்டுப்பலகைதான். "ஜப்பான் ஒரிஜினல், சாலிட் மரம்" என்று யாராவது இதை உங்களிடம் விற்க வந்தால் அதில் பாதி உண்மை, பாதி கதை. அந்தக் கதையே இதற்குத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

நான் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன். கோயில் திருவிழா, கல்யாணம், மாதா கோயில் சப்பரம் என்று சுற்றுவட்டாரத்தில் நான் ஏறாத மேடை குறைவு. இப்போது அரசரடியில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பரண்மேல் கிடந்த கிட்டார் எதுவானாலும் "அண்ணே, இது தேறுமா, கொஞ்சம் பாருங்க" என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்படி வருகிறவற்றில் ஜப்பான் கிட்டார் அவ்வப்போது ஒன்று அகப்படும். கொடைக்கானலில் பள்ளிக்கூட வேலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கி வந்தது, பாதிரியார் பங்களாவில் யாரும் தொடாமல் கிடந்தது, இப்படித்தான் இருக்கும். கடையில் வாங்கியது என்று சொல்லி ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

இந்தக் கிட்டாரும் கொடைக்கானல் வழிதான். ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வீட்டில் சமையல் பார்த்த அம்மாவுக்குக் கொடுத்தது, அவருடைய பேரன் வழியாகப் பழங்காநத்தம் வந்து சேர்ந்திருக்கிறது. பேரன் ஆட்டோ ஓட்டுகிறார். என்னிடம் படிக்கிற பாலிடெக்னிக் பையன் ஒருவன் அதற்கு ஆசைப்பட்டான். பேரன் சொன்ன விலை 18,000. முடிந்தது 14,500. பையன் அதை இரண்டு மாதம் என்னிடமே விட்டுவைத்தான். ரிப்பேர் பார்த்து, வாசித்து, ஒரு மேடையும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் யமஹா என்றால் ஆர்எக்ஸ் 100 பைக்தான். கிட்டாரின் தலையில் இருக்கும் மூன்று ட்யூனிங் ஃபோர்க் (சுருதி பார்க்கும் கவை) சின்னத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேரனே, "பைக் கம்பெனிக்காரன் கிட்டாரும் செஞ்சிருக்கான் பாருங்கண்ணே" என்றார். நடந்தது நேர்மாறு. 1887-ல் தொரகுசு யமஹா ஆர்கன் செய்யத் தொடங்கியதுதான் மூலம். நிப்பான் காக்கி என்ற பெயரில் ஹமாமட்சு ஊரில் வளர்ந்த வாத்தியக் கம்பெனி அது. பைக் பிரிவு தனிக் கம்பெனியாகப் பிரிந்தது 1955-ல். பைக் டாங்கில் ட்யூனிங் ஃபோர்க் இருப்பதற்குக் காரணமே இந்த ஆர்கன் தொழில்தான். வாத்தியக் கம்பெனியின் பெயர் யமஹா கார்ப்பரேஷன் என்று மாறியது 1987-ல். அதனால் லேபிளில் நிப்பான் காக்கி என்று இருந்தால், "இது யமஹா இல்லையோ" என்று பயப்பட வேண்டாம். அதுவே பழசு என்பதற்கு ஒரு சாட்சி.

எஃப்ஜி என்றால் ஃபோக் கிட்டார். எஃப்ஜி-180, எஃப்ஜி-150 இரண்டும் 1966-ல் வந்தவை. 180 பெரிய உடம்பு, 150 கொஞ்சம் சின்னது. இரண்டுக்கும் முதலில் ஒட்டியது சிவப்புக் காகித லேபிள். எழுபதுகளின் தொடக்கத்தில் லேபிள் பச்சையாக மாறி, அப்புறம் தயாரிப்பும் தைவானுக்குப் போனது. 1969-ல் அமெரிக்காவில் வூட்ஸ்டாக் மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று அத்தனை கூட்டத்தையும் பாட வைத்தது ஒரு எஃப்ஜி-150 வைத்துக்கொண்டுதான். தோளில் மாட்டப் பட்டைகூட இல்லாமல் கயிறு கட்டிக்கொண்டு வாசித்தார். மலிவான மாணவர் கிட்டார்தான் அது. அந்த மேடைக்குப் போதுமானதாக இருந்தது.

இனி ப்ளைவுட் விவகாரம். சாலிட் மரமா (அடுக்கு ஒட்டாத முழு மரம்), ஒட்டுப்பலகையா என்று பார்க்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். சவுண்ட் ஹோலின், அதாவது நடுவில் இருக்கும் வட்ட வளையத்தின், விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாலிட் என்றால் மேலே ஓடும் ரேகை விளிம்பில் அப்படியே கீழிறங்கி உள்பக்கம் வரை போகும். ஒட்டுப்பலகை என்றால் நடுவில் ஒரு அடுக்கு வேறு திசையில் ஓடுவது, பிஸ்கட் நடுவே கிரீம் மாதிரி, பட்டென்று தெரியும். விளிம்பில் பெயிண்டோ பிளாஸ்டிக் பட்டையோ இருந்தால் முதுகைப் பாருங்கள். வெளியே ஒரு சுழியோ முடிச்சோ இருந்தால் அதே இடத்தில் உள்ளேயும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒட்டு. இந்த 180-ல் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. மேலே ஸ்ப்ரூஸ் மரம், நடுவில் குறுக்கே ஓடும் அடுக்கு, கீழே மறுபடி ஸ்ப்ரூஸ். பக்கமும் முதுகும் மஹாகனி ஒட்டு.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. "என்ன சார், ப்ளைவுட்டுக்கா இவ்வளவு?" என்றான். நான் அவனை என் அலமாரிக்கு அழைத்துப் போய் ஒரு சாலிட் டாப் கிட்டாரைக் காட்டினேன். அதுவும் ஜப்பான்தான், அருமையான நாதம். பிரிட்ஜுக்கு, அதாவது கம்பிகளின் அடிமுனை மாட்டும் கட்டைக்கு, கீழே தொடங்கி அடிவரை ஒரு விரிசல். கத்திரி வெயிலில் ஒரு மேடைக்காக வேன் டாப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது வந்தது. சாலிட் ஸ்ப்ரூஸ் காய்ந்தால் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும். சுருங்க இடமில்லை என்றால் பிளக்கும். ஒட்டுப்பலகையில் நடு அடுக்கு குறுக்கே ஓடுவதால் அது மேலும் கீழும் உள்ள அடுக்குகளைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. கொடைக்கானல் ஈரத்திலிருந்து பழங்காநத்தம் தகரக் கூரைக்கு வந்து, வருஷக்கணக்கில் பீரோ மேல் கிடந்து, இந்த 180-ல் ஒரு விரிசல் இல்லை. ஏசி அறையும் ஈரமானியும் வைத்துக் கிட்டாரைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ள முடிகிறவர்கள் சாலிட் வாங்கட்டும். மின்விசிறிக்குக் கீழே சுவரில் மாட்டி வைக்கப் போகிறவர்களுக்கு இது போதும்.

விரிசல் இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. பழைய ஜப்பான் கிட்டாரில் காசு போவது நெக்கில், அதாவது கழுத்தில். ஐம்பது வருஷமாகக் கம்பி இழுத்த இழுப்பில் நெக் மெல்ல முன்னால் சாய்ந்திருக்கும். ஒரு நீள ஸ்டீல் ஸ்கேலை எடுத்து ஃப்ரெட்டுகள் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேல் படிய வைத்து பிரிட்ஜ் பக்கம் தள்ளுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் தலையை உரசிக்கொண்டு மேலே போனால் நல்ல நெக். தலையில் ஏறாமல் பக்கவாட்டில் போய் இடித்தால் சாய்வு இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கிட்டாரில் தலையிலிருந்து சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இடித்தது. விற்கிறவர்கள் "ட்ரஸ் ராட் திருகினா சரியாயிரும்" என்பார்கள். ஆகாது. ட்ரஸ் ராட் என்பது நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி. அது நெக்கில் விழுந்த வளைவை நிமிர்த்தும், அவ்வளவுதான். நெக் உடம்போடு சேரும் கோணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஆர்மோனியம், வயலின் பார்க்கிற ஒரு ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கிட்டாரை வாசித்துப் பார்க்கவே இல்லை. வளையத்துக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு, செல்போன் டார்ச்சை அடித்து, உள்ளே இருக்கும் தாங்கு கட்டைகளை ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தட்டிக்கொண்டே வந்தார். ஒட்டியிருக்கிற கட்டை 'டக்' என்றது. பிரிட்ஜுக்கு இடதுபக்கம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் 'டப்' என்று பொத்தலாகக் கேட்டது. அங்கே ஒரு பழைய வங்கி கார்டை வைத்து நுழைத்துப் பார்த்தார், அரை இஞ்ச் உள்ளே போனது. "இது சின்ன வேலை" என்றார். அப்புறம் பிரிட்ஜில் இருந்த இரண்டு முத்துப் பொட்டுகளைக் காட்டி, "இது அலங்காரமில்லண்ணே, அடியில போல்ட்டு இருக்கு, உள்ள நட்டத் தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன், இருந்தது. பிரிட்ஜை ஒட்டியதோடு விடாமல் போல்ட்டும் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். பிரிட்ஜ் கிளம்பாமல் இருந்த காரணம் புரிந்தது.

நெக்கைக் கழற்றிக் கோணம் மாற்ற முடியுமா என்று கேட்டதற்கு மட்டும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் காலத்து யமஹாவில் நெக்கை உடம்போடு ஒட்டிய பசை ஆவிக்கு எளிதில் இளகாது. ரிப்பேர்க்காரர்கள் வட்டாரத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த தலைவலி. "இழுத்தா பலகையோட வரும், எனக்கு அந்தப் பாவம் வேணாம்" என்றார். நல்ல ஆசாரிக்கு அடையாளம் எதைத் தொடக்கூடாது என்று தெரிவதுதான்.

அதனால் சாடிலை, அதாவது பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையை, இழைத்தோம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஆறாவது கம்பிக்கு 4 மி.மீ. உயரம் இருந்தது. அதை 2.8 வரை கொண்டுவந்தார். கணக்கு இதுதான்: அங்கே 1 மி.மீ. குறைய வேண்டும் என்றால் சாடிலில் 2 மி.மீ. இழைக்க வேண்டும். ஆகவே சாடிலில் இனி இழைக்கப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இன்னும் பத்து வருஷத்தில் நெக் மேலும் சாய்ந்தால் வழி அடைபட்டுவிடும். வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இழுப்பைக் குறைக்க மெல்லிய 11-52 கம்பி போட்டிருக்கிறேன், தடித்த 12-53 போடவில்லை. ஃப்ரெட் தேய்ப்பு, கட்டை ஒட்டு, சாடில் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது.

இதே சாய்வு பழைய ஜப்பான் எபிஃபோனில் வந்திருந்தால் கதையே வேறு. எபிஃபோன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தயாரிப்பு 1970 வாக்கில் ஜப்பானுக்குப் போனது. உள்ளே நீல லேபிள் ஒட்டியிருக்கும், அதில் அமெரிக்காவின் கலமசூ, மிச்சிகன் என்று போட்டிருக்கும், பக்கத்திலேயே மேட் இன் ஜப்பான் என்றும் இருக்கும். அமெரிக்க கிட்டார் என்று அதை ஏமாற்றி விற்க நினைப்பவர்களுக்கு முதல் வரி மட்டும்தான் கண்ணில் படும். அதில் பல மாடல்களில் நெக்கைப் பசையால் ஒட்டவில்லை, எலெக்ட்ரிக் கிட்டார் மாதிரி பின்னால் தகடு வைத்து நான்கு ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரும் மெல்லிய மரச் சீவலும் இருந்தால் அரை மணியில் கோணம் சரியாகிவிடும். நாதத்தில் 180-க்குக் கீழேதான், ஆனால் பராமரிப்பில் ராஜா.

வயது கண்டுபிடிக்க ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி. தகமினே என்ற கம்பெனி 1962-ல் ஜப்பானின் கிஃபு மாகாணத்து மலையோர ஊரில் தொடங்கியது. பக்கத்து மலையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதன் எட்டு இலக்க எண்ணில் முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு மாதம், அதற்கடுத்த இரண்டு தேதி. ஜாதகம் எழுதத் தோது. எழுபதுகளில் அவர்கள் தலையில் எழுதிய பெயரின் எழுத்து அப்படியே அமெரிக்க மார்ட்டின் கம்பெனியின் எழுத்து மாதிரி இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மார்ட்டின் கம்பெனியே 1970-ல் சிக்மா என்ற பெயரில் ஜப்பானில் செய்யவைத்து விற்றது வேறு விஷயம். கே. யைரி கிட்டார்களில் சிலவற்றின் உள்ளே நெக் கட்டையில் சும்மா 52, 54 என்று முத்திரை இருக்கும். அது ஜப்பான் சக்கரவர்த்தி ஷோவா பட்டத்துக்கு வந்த கணக்கு. அதோடு 1925-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும், 52 என்றால் 1977. கொல்லம் ஆண்டு பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய கணக்கு இல்லை. யைரி என்றதும் விலையை ஏற்றிவிடாதீர்கள், கே. யைரி வேறு, எஸ். யைரி வேறு. சுசுகி என்று ஒன்று வந்தால் அதுவும் பைக் கம்பெனி இல்லை, நகோயாவில் 1887-ல் வயலின் செய்யத் தொடங்கிய வீட்டுக்காரர்கள்.

இன்னொரு வார்த்தை உங்கள் காதில் விழும்: லாசூட் கிட்டார், அதாவது வழக்கில் மாட்டிய கிட்டார். அமெரிக்கக் கம்பெனி வழக்குப் போடும் அளவுக்கு அமெரிக்க கிட்டார் மாதிரியே செய்தார்கள் என்று சொல்லி ஐயாயிரம் கூட்டிக் கேட்பார்கள். 1977-ல் அமெரிக்க கிட்டார் கம்பெனி கிப்சனின் தாய்க் கம்பெனி நார்லின், ஜப்பானின் ஐபனீஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மேல் வழக்குப் போட்டது உண்மை. அது எலெக்ட்ரிக் கிட்டாரின் தலை வடிவத்துக்காகப் போட்ட வழக்கு, தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில் முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் அகூஸ்டிக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த ஐயாயிரத்தைக் கொடுக்காதீர்கள்.

சரி, நாதம். ஜி கார்டை மெதுவாக ஒருமுறை இழுத்தால் அடித்தொண்டை அதிகம் வராது. பெரிய உடம்புக்கு பேஸ் கொஞ்சம் கம்மி. ஆனால் மூன்றாவது, நான்காவது கம்பி பேசுகிற பேச்சு தனி. காய்ந்த, சுத்தமான ஒலி, ஒரு கம்பியின் மேல் இன்னொன்று ஏறி மிதிக்காது. பாட்டுக்குப் பின்னால் ரிதம் பிடிக்கிறவனுக்கு இதுதான் வேண்டும். பாடுகிறவர் குரலுக்கு வழிவிட்டு நிற்கும். இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் இன்னும் பளிச். விரல் மீட்டலுக்கு எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சன்னமாகத் தொட்டால் தயங்குகிறது, கொஞ்சம் அடித்தால்தான் எழுந்து வரும். கடையில் இப்போது கிடைக்கும் எஃப்ஜி800-ஐயும் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அது சாலிட் டாப், சத்தம் அதிகம், பேஸும் தாராளம், நெக்கைப் பற்றிய கவலையும் இல்லை. தனியாக உட்கார்ந்து வாசிக்க அதுதான் நல்லது. குழுவோடு வாசிக்கும்போது 180 ஜெயிக்கிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு பொங்கல் விழா மேடைக்கு இதைக் கொண்டுபோனேன். முன்னால் தவில் செட்டுக்கு வைத்த ராட்சத ஸ்பீக்கர்கள், மைக்காரர் காதில் பஞ்சு வைத்தவர் மாதிரி எதைச் சொன்னாலும் சவுண்டைக் கூட்டுவார். இப்படிப்பட்ட மேடையில் சாலிட் டாப் கிட்டாருக்கு மைக் வைத்தால் ரெண்டாவது பாட்டிலேயே ஊளையிடத் தொடங்கிவிடும். ஒட்டுப்பலகை அவ்வளவு எளிதாக அதிராது. வளையத்துக்கு ஒரு ஜாண் தள்ளி சாதாரண மைக் வைத்து நாலு மணி நேரம் வாசித்தேன், ஒரு ஊளை இல்லை. கீபோர்டு வாசிக்கிற பையன் நடுவில் திரும்பி, "அண்ணே, பிக்கப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். நாலு மணி நேரத்தில் ஒரே ஒருமுறைதான் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது, அதுவும் பனி இறங்கின பிறகு.

குறைகள் இல்லாமல் இல்லை. கம்பி முறுக்கும் கீ ஒரிஜினல் கிடையாது. யாரோ மாற்றியிருக்கிறார்கள், தலைக்குப் பின்னால் பழைய ஸ்க்ரூ ஓட்டைகளின் தடம் தெரிகிறது. சேகரித்து வைப்பவர்களுக்கு அது கழிவு, வாசிக்கிறவனுக்கு லாபம், புதிய கீ வழுக்காமல் சுற்றுகிறது. பிக் கார்டு ஓரம் சுருண்டிருக்கிறது. வார்னிஷ் முதுகில் வியர்வை பட்ட இடத்தில் வெளுத்துவிட்டது, அதைப் பளபளப்பாக்க யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

விலை பற்றி. 1966-லிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை வந்த சிவப்பு லேபிள் 180, ஸ்கேல் பிரிட்ஜின் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றால், 15,000 வரை தயங்காமல் கொடுக்கலாம். ஸ்கேல் பிரிட்ஜின் அடிவாரத்தில் இடித்தால் 5,000-க்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம், அதைச் சுவரில் மாட்டத்தான் முடியும். மேட் இன் தைவான் என்றிருந்தால் மட்டம் இல்லை, விலையை மட்டும் குறைத்துக் கேளுங்கள். போட்டோ அனுப்பி "வாங்கலாமா" என்று கேட்கிறவர்கள் தலையையும் லேபிளையும்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். பக்கவாட்டில், ஸ்கேல் வைத்து, பிரிட்ஜ் தெரிகிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்புங்கள், பதில் சொல்கிறேன்.